பறக்காமலே கட்டப்படும் பரிவட்டம்

கோயில் திருவிழாவில் அன்றைய உபயகாரருக்குப் பரிவட்டம் கட்டிக் காளாஞ்சி வழங்குவது நம்மவர் நன்கறிந்த வழமை. உபயத்திற்கான செலவைத் தமது கைப்பணத்திலிருந்து கொடுத்தவர் என்பதற்காகவே அவருக்கு அந்த மரியாதை. இன்றைய விமான நிலையங்களிலும் இதனையொத்த ஒரு மரியாதை உண்டு. வெள்ளி, பொன், பிளாட்டினம், வைரம் எனப் பெயரிடப்பட்ட அட்டைகளை வைத்திருப்போர் தனி வரிசையில் நிற்கின்றனர். நீண்டவரிசையில் நிற்பவர்களுக்கு முன்னரே விமானத்தினுள் அழைக்கப்படுகின்றனர். கூடுதல் பயணப்பொதிக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆசனம் வெறுமையாக இருந்தால் சாதாரண வகுப்பிலிருந்து உயர்வகுப்புக்கு மாற்றப்படுகின்றனர். ஓய்வறையில் உணவருந்திக் களைப்பாறுகின்றனர். ஆனால் கோயில் பரிவட்டத்திற்கும் இந்த அட்டைக்கும் இடையே முக்கியமானதொரு வேறுபாடு இருக்கிறது. அட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர் ஒருவருடையது. அதற்கான செலவைக் கொடுத்தவர் பெரும்பாலும் வேறொருவர். கடந்த 90 ஆண்டுக்கால விமானப் போக்குவரத்து வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த 'வேறொருவர்' யார் என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருப்பதைக் காணலாம்.

கடனட்டையும் விமானமும் அண்மையில் சேர்ந்துகொண்டவை என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. வங்கிகள் கடனட்டையை அறிமுகப்படுத்துவதற்கு முன்னரே, 1936ஆம் ஆண்டில், அமெரிக்க விமான நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து விமானப் பயண அட்டைத் திட்டமொன்றை ஏற்படுத்தின. வணிக நிறுவனங்கள் ஒரு தொகையை வைப்பிலிட்டு அட்டையைப் பெற்றுக்கொண்டால், அவற்றின் அதிகாரிகள் கையில் காசின்றியே பயணஞ்செய்யலாம். கட்டணம் பின்னர் நிறுவனத்திடம் அறவிடப்படும். ஆகவே விமானத்துறையின் முதல் அட்டை வணிகர்களுக்கான அட்டையே. மூன்றாண்டுகள் கழித்து, 1939இல், நியூயோர்க் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்' எனும் ஓய்வறையைத் திறந்தது. விமான நிறுவனமொன்றின் முதலாவது ஓய்வறை இதுவாகும். தொடக்கத்தில் பணங்கட்டி அதில் அங்கத்தவராக இயலாது. யாரை அனுமதிப்பது என்பதை நிறுவனமே தீர்மானித்தது. அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், செல்வாக்குள்ளோர் ஆகியோரே அழைக்கப்பட்டனர். சிறப்புத் தகுதி என்பது அன்று அழைப்பின் பேரில் கிடைத்த ஒன்று.

இந்த நிலைமை நீண்டகாலம் நீடித்தமைக்கு அரசாங்கக் கட்டுப்பாடே காரணம். 1938 முதல் அமெரிக்காவில் எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் அறவிடலாம் என்பவற்றையெல்லாம் குடிசார் வான்போக்குவரத்துச் சபையே நிர்ணயித்தது. விலையில் போட்டியிட முடியாத நிறுவனங்கள் உணவிலும் உபசரிப்பிலும் போட்டியிட்டன. பயணியைத் தம்முடனேயே கட்டிவைத்திருக்க வேண்டிய தேவை அவற்றுக்குப் பெரிதாக எழவில்லை. 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் விமானசேவைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தில் ஒப்பமிட்டதுடன் அந்த யுகம் முடிவுக்கு வந்தது. புதிய நிறுவனங்கள் குறைந்த கட்டணத்துடன் களமிறங்கின. பழைய நிறுவனங்கள் தமது வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போவதைக் கண்டு கலங்கின. இச்சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

கட்டுப்பாடு நீங்கிய சூழலில்தான் அடிக்கடி பறப்போர் திட்டம் பிறந்தது. ரெக்ஸாஸ் இன்ரர்நெஷனல் போன்ற சிறிய நிறுவனங்கள் இத்தகைய முயற்சிகளில் ஏற்கனவே ஈடுபட்டிருந்தன. எனினும் இதனை உலகளாவிய வழமையாக மாற்றிய பெருமை றொபேர்ட் கிறண்டலின் தலைமையில் இருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸையே சாரும். அந்நிறுவனத்திடம் 'சேபர்' எனும் கணினிமயப்படுத்தப்பட்ட முன்பதிவு முறைமை இருந்தது. அதில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருந்த தொலைபேசி இலக்கங்களைத் தேடியெடுத்து, அடிக்கடி பயணஞ்செய்வோர் யார் என்பதை நிறுவனம் கண்டறிந்தது. 1981 மே 1ஆம் திகதி 'அட்வான்டேஜ்' திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு வாரம் கழிவதற்குள் யுனைட்டட் நிறுவனம் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அறிவித்தது. பறந்த ஒவ்வொரு மைலும் கணக்கில் வைக்கப்பட்டது. போதிய மைல்கள் சேர்ந்தால் இலவசப் பயணச்சீட்டு. பின்னர் ஓராண்டில் பறந்த தூரத்துக்கேற்பப் படிநிலைகளும் வகுக்கப்பட்டன. பரிவட்டத்துக்கு இப்போது ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. அந்த அளவுகோல் தூரம்.

இத்திட்டத்தின் சூட்சுமம் எங்கே இருந்தது? அடிக்கடி விமானத்தில் செல்பவர் பெரும்பாலும் தமது சொந்தப் பணத்தில் செல்பவரல்லர். அவரது பயணச்சீட்டுக்கு நிறுவனம் பணம் செலுத்துகிறது. எந்த விமானத்தில் செல்வது என்பதை அவர் தெரிவுசெய்கிறார். அதனால் கிடைக்கும் மைல்களும் மரியாதையும் அவரது சொந்தக் கணக்கில் சேர்கின்றன. 50 டொலர் மலிவான வேறொரு விமானம் இருந்தாலும் தமது பொன் அட்டை செல்லுபடியாகும் விமானத்தையே அவர் நாடுவார். மேலதிக 50 டொலர் அவருடைய பையிலிருந்து போவதில்லை அல்லவா? விலைப்போட்டியை ஏற்படுத்துவதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு மூன்றாண்டுகளுக்குள், விலையைப் பாராமல் தெரிவுசெய்யும் பயணி ஒருவரை விமான நிறுவனங்கள் உருவாக்கிக்கொண்டன. இந்த முதற்கட்டத்தில் மரியாதைக்குச் செலவழித்தவர் தொழில்கொள்வோர்.

இது சரியா என்ற கேள்வி எழாமலில்லை. அமெரிக்க மத்திய அரசாங்க ஊழியர்கள் உத்தியோகபூர்வப் பயணங்களால் ஈட்டிய மைல்கள் அரசாங்கத்துக்கே உரியவை என்பது நெடுங்கால விதியாக இருந்தது. 2001 டிசெம்பரில் சட்டத் திருத்தம் ஒன்றின் மூலமே அவற்றைத் தாமே வைத்துக்கொள்ள அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு வருமானவரித் திணைக்களம், வணிகப் பயணங்களால் ஒருவர் ஈட்டிய மைல்களைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினால் அதற்கு வரி கோரப்போவதில்லை என அறிவித்தது. ஊழியர் ஒருவருக்கு நிறுவனத்தின் செலவில் கிடைக்கும் நன்மை பொதுவாக வரிக்குட்பட்டது என்ற போதிலும், இந்த ஒன்றை மட்டும் திணைக்களம் தொடாமல் விட்டது.

அதே 2002இல் ஜேர்மனியில் நிகழ்ந்தது முற்றிலும் வேறு. உத்தியோகபூர்வப் பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சில அரசியல்வாதிகள் தமது சொந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தியமை பத்திரிகைகளில் அம்பலமாகியது. பேர்லின் மாநிலப் பொருளாதார அமைச்சராக இருந்த கிரெகோர் கீசி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் சேம் ஒஸ்டெமிர் தமது கட்சியில் வகித்த பொறுப்பைத் துறந்தார். நான்காண்டுகள் கழித்து, 2006 ஏப்ரிலில், நிறுவனத்தின் செலவில் சென்ற பயணங்களால் கிடைத்த மைல்களைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தொழில்கொள்வோர் கோரலாம் என ஜேர்மனியின் சமஷ்டித் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே மைல், அத்திலாந்திக்கின் ஒரு கரையில் ஊழியரின் உடைமை, மறுகரையில் முதலாளியின் உடைமை.

இனி அட்டையின் கதைக்கு வருவோம். 1950இல் நியூயோர்க்கில் பிராங்க் மக்னமாரா தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களில் வாடிக்கையாளர்களை உபசரிக்கும் வணிகர்களை எண்ணியே உருவாக்கப்பட்டது. அட்டையை ஏற்றுக்கொண்ட உணவகம் ஒவ்வொரு பட்டியலிலும் 7 சதவீதத்தை அந்நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்தது. அட்டைக்கான செலவை வாடிக்கையாளரைவிட வியாபாரியே கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்ற விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1958 செப்டெம்பரில் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரவாசிகள் 60,000 பேருக்கு அவர்கள் கேளாமலே அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அதுவே பின்னாளில் விசா எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தனது அட்டையை வெளியிட்டது; 1966இல் நிறுவனங்களுக்கான அட்டையையும் அறிமுகப்படுத்தியது. விமான நிறுவனத்தின் பெயரும் வங்கியின் பெயரும் ஒருங்கே பொறிக்கப்பட்ட அட்டைகள் 1980களின் பிற்பகுதியில் வந்தன. அவற்றுள் 1987இல் சிற்றி பாங்க் வெளியிட்ட அட்வான்டேஜ் அட்டை மிகப் பிரபலமானது. ஒரு டொலர் செலவுக்கு ஒரு மைல் என்பது அதன் எளிய கணக்கு.

அந்த மைலை விமான நிறுவனம் இனாமாக வழங்குவதில்லை. வங்கி அதனைப் பணங்கொடுத்து வாங்குகிறது. வங்கிக்கு அப்பணம் எங்கிருந்து வருகிறது? வியாபாரியிடமிருந்து. அமெரிக்காவில் கடனட்டையில் 100 டொலருக்குப் பொருள் விற்கும் கடைக்காரர் ஏறத்தாழ 2 டொலரை, சில அட்டைகளுக்கு அதற்கும் மேலாக, கட்டணமாக இழக்கிறார். அதன் பெரும்பகுதி அட்டையை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு மைலாக மாறி அட்டைதாரரிடம் திரும்புகிறது.

எனினும் நீண்டகாலம் வரை இரு வேறு பேரேடுகள் இருந்தன. கடனட்டையால் சேரும் மைல் இலவசப் பயணச்சீட்டுக்கு மட்டுமே உதவும். சிறப்புத் தகுதிக்கு உண்மையாகவே பறந்தாக வேண்டும். இந்தச் சுவரில் இருந்த ஒரு துவாரத்தை 1999இல் கலிபோர்னியாப் பொறியியலாளர் ஒருவர் கண்டுபிடித்தார். உணவு நிறுவனமொன்று தனது பொருட்களின் உறைகளை அனுப்புவோருக்கு விமான மைல்கள் வழங்குவதாக அறிவித்திருந்தது. அவர் 3,140 டொலர் செலவில் 12,150 புடிங் கிண்ணங்களை வாங்கினார். புடிங்கைச் சால்வேஷன் ஆமிக்கு நன்கொடையாக அளித்து, அதன் தொண்டர்களைக் கொண்டே உறைகளைக் கிழித்தெடுத்துக்கொண்டார். பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள் அவருக்குக் கிடைத்தன. எவ்வழியில் வந்த மைலானாலும் பத்து இலட்சத்தைத் தாண்டினால் ஆயுட்காலப் பொன் தகுதி என்பது அன்றைய அமெரிக்கன் எயார்லைன்ஸின் விதி. புடிங் வாங்கியவர் ஆயுள் முழுவதற்கும் பொன் அட்டைக்காரரானார்.

இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. புதிய ஒரு டொலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர விரும்பிய அமெரிக்க நாணயச் சாலை, 2008இல் அவற்றை முகப்பெறுமதிக்கே, அஞ்சற் செலவின்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கடனட்டையையும் ஏற்றுக்கொண்டது. மைல் சேர்ப்போர் ஆயிரக்கணக்கில் நாணயங்களை அட்டையில் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் வைப்பிலிட்டு, அந்தப் பணத்தைக் கொண்டே அட்டைக் கடனைத் தீர்த்தனர். அட்டைக் கட்டணமும் அஞ்சற் செலவும் அரசாங்கத்தின் தலையில் விழுந்தன. 2011இல் கடனட்டைக்கு நாணயம் விற்பது நிறுத்தப்பட்டது.

மேற்கூறிய சுவர் இடிந்தது 2010களிலாகும். பறக்கும் தூரத்தைவிடச் செலுத்தும் பணமே முக்கியம் என நிறுவனங்கள் முடிவுசெய்தன. 2014 முதல் டெல்டா நிறுவனம் சிறப்புத் தகுதிக்குக் குறிப்பிட்ட தொகையைப் பயணச்சீட்டுகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்றது. ஆயினும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுடன் சேர்ந்து வெளியிட்ட தனது அட்டையில் ஆண்டுக்கு 25,000 டொலர் செலவிட்டவர்களுக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்களித்தது. அதன் உயர்ரக அட்டையில் 30,000 டொலர் செலவிட்டால் 15,000 தகுதி மைல்கள். 60,000 டொலர் செலவிட்டால் மேலும் 15,000. வெள்ளித் தகுதிக்கு வேண்டியது 25,000 மைல்களே. விமான நிலையத்தின் பக்கம் போகாமலே வெள்ளித் தகுதி கிட்டியது.

2020இல் கொவிட் பெருந்தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, இந்தத் திட்டங்களின் உண்மைப் பெறுமதி வெளிச்சத்துக்கு வந்தது. கடன் பெறுவதற்கு ஈடாக விமானங்களை வைப்பதைவிட மைல் திட்டங்களை வைப்பது இலாபகரமாக இருந்தது. யுனைட்டட் நிறுவனம் மைலேஜ் பிளஸ் திட்டத்தை ஈடுவைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 22 பில்லியன் டொலர் எனக் கணிக்கப்பட்டது. அது யுனைட்டட் நிறுவனம் முழுவதற்கும் பங்குச்சந்தையில் அப்போதிருந்த மதிப்பைவிட மிக அதிகம்.

இதன் பின்னர் மறைத்துவைக்க எதுவும் இருக்கவில்லை. 2022 மார்ச் முதல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தூரக் கணக்கைக் கைவிட்டு 'விசுவாசப் புள்ளி' முறையைக் கொண்டுவந்தது. தனது பெயர் பொறித்த கடனட்டையில் செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் ஒரு புள்ளி. பொன் தகுதிக்கு அவ்வாண்டில் 30,000 புள்ளிகள்; அதியுயர் பகிரங்கத் தகுதிக்கு 200,000 புள்ளிகள். மாதச் சம்பளக்காரர் எவரும் கடனட்டையில் 200,000 டொலர் செலவிடப்போவதில்லை. ஆனால் கட்டடப் பொருட்கள் வாங்கும் ஒப்பந்தகாரர், இணைய விளம்பரத்துக்குப் பணங்கொட்டும் வணிகர், சரக்குக் கொள்வனவு செய்யும் மொத்த வியாபாரி ஆகியோருக்கு அது சில மாதச் செலவே. வணிகக் கணக்கில் ஊழியர்களுக்கு வழங்கப்படும் துணை அட்டைகளின் செலவும் பொதுவாக முதன்மை அட்டைதாரரின் கணக்கிலேயே சேரும். வியர்வை சிந்தி அலைந்து பொருள் வாங்குபவர் ஊழியர், தகுதி உரிமையாளருக்கு.

இதில் எமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2000ஆம் ஆண்டில் எமிரேட்ஸ் நிறுவனமும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸும் கூட்டாகத் தொடங்கிய 'ஸ்கைவார்ட்ஸ்' மூலமே இத்தகைய திட்டம் இலங்கைப் பயணிகள் பலருக்கு அறிமுகமானது. 2014 மே மாதத்தில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ், அமெரிக்கன் எயார்லைன்ஸும் பிரிட்டிஷ் எயார்வேய்ஸும் அங்கம் வகிக்கும் 'வன்வேர்ல்ட்' கூட்டணியில் இணைந்தது. கூட்டணியில் ஒரு நிறுவனம் வழங்கும் உயர்தகுதியை ஏனைய நிறுவனங்களும் மதிக்க வேண்டும். ஆகவே ரெக்ஸாஸில் சீமெந்தும் இரும்பும் வாங்கிச் சேர்த்த தகுதியுடன் ஒருவர் கட்டுநாயக்கவிலிருந்து ஸ்ரீலங்கன் விமானத்தில் சாதாரண வகுப்பில் புறப்பட்டாலும், அவருக்கு ஓய்வறைக் கதவு திறக்கும். மத்திய கிழக்குக்கும் ஊருக்குமாகப் பல்லாண்டுகள் பறந்து, மலிவான சீட்டுக்களையே வாங்கிய தொழிலாளிக்கு அது திறப்பதில்லை.

2023 செப்டெம்பரில் டெல்டா இன்னும் ஒரு படி சென்றது. மைல், பறப்புகளின் எண்ணிக்கை ஆகிய அளவுகோல்களை நீக்கி, பணத்தை மட்டுமே அளவுகோலாக்கியது. வைரத் தகுதிக்கு 35,000 தகுதி டொலர்கள் என்றது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அளவுக்கு மீறிச் சென்றுவிட்டதாகத் தலைமை நிறைவேற்று அதிகாரி எட் பஸ்தியன் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே அது 28,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, டெல்டாவின் உயர்ரக வணிக அட்டையை வைத்திருப்பவருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே 2,500 தகுதி டொலர்கள்; பின்னர் செலவிடும் ஒவ்வொரு 10 டொலருக்கும் ஒன்று. அதாவது 255,000 டொலர் வணிகச் செலவை அந்த அட்டையில் ஏற்றினால் ஒருமுறையும் பறக்காமலே வைரத் தகுதி. விமான நிறுவனத்துக்கு இதனால் என்ன இலாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2024இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டா பெற்ற தொகை 7.4 பில்லியன் டொலர். அவ்வாண்டில் அதன் தொழிற்பாட்டு இலாபம் ஏறத்தாழ 6 பில்லியன். வருமானத்தையும் இலாபத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது எனினும், அட்டை இல்லாவிடின் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை இது உணர்த்தும்.

செலவழிப்பவர் யார் என்ற முதற்கேள்விக்கு இப்போது திரும்புவோம். முதலில் தொழில்கொள்வோர், இரண்டாவது கட்டத்தில் கடைக்காரர். ஆனால் கடைக்காரரும் அதனைத் தாமே சுமப்பதில்லை. பொருளின் விலையில் ஏற்றிவிடுகிறார். ஏற்றிய விலை எல்லோருக்கும் ஒன்றே. கையில் காசு கொடுத்துப் பாணும் பாலும் வாங்குபவரும் அதே விலையைக் கொடுக்கிறார். அவருக்கு மைல் கிடைப்பதில்லை. பொஸ்டன் மத்திய வங்கிக் கிளையின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவில் காசில் வாங்கும் குடும்பம் ஒன்று ஆண்டுதோறும் சராசரியாக 149 டொலரை அட்டைக்காரர்களுக்கு இழக்கிறது; அட்டையில் வாங்கும் குடும்பம் 1,133 டொலரைப் பெறுகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் பலசரக்குக் கடை நடத்தும் நம்மவர்கள், அட்டை இயந்திரத்தின் மாதக் கட்டணப் பட்டியலைப் பார்க்கும்போது இதன் ஒரு பாதியை உணர்வர். மறுபாதியைச் சுமப்பவர் பெரும்பாலும் வறியவர். அவருக்குப் பட்டியல் வருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. கடனட்டைகளுக்கான இடைமாற்றுக் கட்டணம் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது எனச் சட்டமியற்றியது. ஆனால் அந்த எல்லை நுகர்வோர் அட்டைகளுக்கு மட்டுமே. வணிக அட்டைகள் விலக்கப்பட்டன. வணிகச் செலவே இத்திட்டங்களின் பொன்முட்டை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரிட்டிஷ் எயார்வேய்ஸும் 2025 ஏப்ரிலில் பணத்தையே அளவுகோலாக்கியது. ஒரு பவுணுக்கு ஒரு புள்ளி. பொன் தகுதிக்கு 20,000 புள்ளிகள். அங்கும் கடனட்டைச் செலவால் ஒரு பகுதியை ஈட்டலாம்.

இவ்வளவு செலவிட்டுப் பெறும் தகுதியேனும் உறுதியானதா? நோர்த்வெஸ்ட் நிறுவனத்தில் உயர்தகுதி பெற்றிருந்த யூத மதகுரு ஒருவர் அடிக்கடி முறைப்பாடு செய்கிறார் எனக் கூறி, அந்நிறுவனம் 2008இல் அவரது அங்கத்துவத்தை நீக்கியது. நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளும் கடப்பாட்டை நிறுவனம் மீறிவிட்டதாக அவர் வழக்குத் தொடர்ந்தார். 2014 ஏப்ரிலில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராக ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டம், மேலே நினைவில் வைக்குமாறு கூறிய 1978ஆம் ஆண்டின் கட்டுப்பாடு நீக்கச் சட்டமே. பயணிக்கு மலிவான கட்டணம் கிடைக்க வேண்டும் என இயற்றப்பட்ட சட்டம், பயணியிடமிருந்து நிறுவனத்தைக் காக்கும் கேடயமாக மாறியிருந்தது. 2024 செப்டெம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் நான்கு பெரும் நிறுவனங்களிடம் இத்திட்டங்கள் பற்றி விளக்கம் கோரியமை, அரசாங்கமும் இதனைக் கவனிக்கத் தொடங்கியதன் அடையாளம்.

வணிக அட்டையைச் சாதுரியமாகப் பயன்படுத்தி உயர்தகுதி பெறுபவர் சட்டவிரோதமாக எதனையும் செய்யவில்லை. எப்படியும் செலவிட வேண்டிய பணத்தை அட்டையில் செலவிட்டு, உரிய நாளில் கடனைத் தீர்த்துவிடுபவருக்கு அது நட்டமுமன்று. அவரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆனால் 'விசுவாசம்' என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவது பொருந்தாது. 1939இல் செல்வாக்குக்கும், 1981இல் தூரத்துக்கும் கட்டப்பட்ட பரிவட்டம் இன்று செலவுக்குக் கட்டப்படுகிறது. கோயிலில் உபயகாரர் யாரென்று ஊருக்குத் தெரியும். விமான நிலையத்தில் முன்வரிசையில் நிற்பவருக்காக உபயம் செய்தவர்கள், எங்கோ ஒரு கடையில் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாம் உபயகாரர் என்பது அவர்களுக்கே தெரியாது.